கரையேற்றினால் மட்டும் போதுமா?



கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் விசிலோடு நிற்கும் உயிர்காப்பாளர்களைப் பார்த்திருப்பீர்கள். "நல்லா நீச்சல் தெரிஞ்சா போதும், இந்த வேலைக்குப் போயிடலாம்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன மே மாத லீவில் நடந்த ஒரு சம்பவம் அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

எங்கள் ஊர் ஆற்றில் குளிக்கும்போது என் சித்தி மகன் ஆழத்தில் மூழ்கிவிட்டான். மீன் மாதிரி நீந்தும் ஓர் அண்ணன் உடனே குதித்துத் தூக்கி வந்தார். ஆனால் தம்பிக்கு மூச்சே இல்லை. ஒருத்தர் அவனைத் தலைகீழாகத் தூக்கினார். இன்னொருத்தர் வயிற்றை அமுக்கினார். காப்பாற்றிய அண்ணனோ என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றார்.

அப்போது, வெளியூரில் நீச்சல் குள உயிர்காப்பாளராக வேலை பார்க்கும் ஒரு மாமா ஓடி வந்தார். "கீழே படுக்க வைங்க! யாராவது 108-க்கு போன் பண்ணுங்க!" என்று கத்தினார். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். நாலாவது தடவை ஊதும்போது தம்பி இருமினான்! அந்த இருமல் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அண்ணனுக்கு நீச்சல் தெரியும், மாமாவுக்கு முதலுதவியும் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு அவசரம்?

மூச்சு நின்றால் மூளைக்கு ஆக்சிஜன் போகாது. சுமார் 4 முதல் 6 நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்குள் வருமா? அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன.

உயிர்காப்பாளர் என்ன கற்கிறார்?

1. மூச்சு இருக்கிறதா என்று 10 நொடிக்குள் பார்ப்பது. எப்போதாவது ஒருமுறை திணறி இழுப்பது சரியான மூச்சு அல்ல.

2. மூச்சு இல்லையென்றால் முதலில் செயற்கை சுவாசம் கொடுப்பது. திடீர் இதய நிறுத்தத்தில் முதலில் நிற்பது இதயம். மூழ்கியவருக்கோ முதலில் நிற்பது மூச்சு. அதனால்தான் இங்கே காற்று ஊதுவது மிக முக்கியம்.

3. பிறகும் அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுவது. இதை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்.

4. மூச்சு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. அப்போதுதான் வாந்தி எடுத்தாலும் அடைக்காது.

5. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புவது. நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை கொடுக்கலாம்.

செய்யவே கூடாதது!

வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். பொன்னான நேரமும் வீணாகும்.

இதையெல்லாம் படித்தால் மட்டும் கை வந்துவிடாது. பொம்மை மேல் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். பழகியவர்களும் அவ்வப்போது மறுபயிற்சி எடுக்காவிட்டால் மறந்துபோகும்.

உங்களுக்குத் தெரியுமா?

இந்தப் பயிற்சிக்கான புகழ்பெற்ற பொம்மையை 1960-ல் உருவாக்கியவர் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டல். பாரிஸின் சீன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தைத்தான் அதற்கு வைத்தார்!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதே ஆண்டில் ஐ.நா. சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

நாம் என்ன செய்யலாம்?

யாராவது மூழ்கினால் நாம் குதிக்கவே கூடாது. பதறிப்போய் நம்மையும் சேர்த்து இழுத்துவிடுவார்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கயிறு, துப்பட்டா, நீளக் கம்பு, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் கரையிலிருந்தே நீட்டுங்கள் அல்லது வீசுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நம் பள்ளியில் ஒருநாள் முதலுதவி வகுப்பு நடத்தினால், நாங்கள் எல்லோரும் முதல் பெஞ்சில் வந்து உட்காருவோம்!

நீச்சல் கரை சேர்க்கும், முதலுதவி உயிர் சேர்க்கும்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி