பணிசெயல் முறைமை மாற்றமும் தொகுப்பானின் பிணக்கும்

கணினியின் பணிசெயல் முறைமையைப் புதுப்பித்த மறுநாள், முதல்நாள்வரை இயங்கிய செய்நிரலொன்று இயங்க மறுத்தல் கணினி பயில்வோர் பலரும் கண்ட நிகழ்ச்சியாகும். செய்நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை; பொறியும் மாறவில்லை. எனினும் தொகுப்பான் வழுக்களை அடுக்கித் திரையை நிரப்புகின்றது. அந்நிலையில் மாணவர் பலர் அனைத்தையும் அழித்து, முறைமையை அடிமுதல் நிறுவத் தலைப்படுவர். விரைவான இணைப்புள்ள நகரத்தில் இஃது அரைநாள் வேலை. அக்கரப்பத்தனை போன்ற மலைத் தோட்டப்பகுதியில், கைப்பேசிக்கு வாங்கிய தரவைக் கொண்டே கணினிக்கும் இணைப்புக் கொடுக்கும் வீடுகளில், இஃது ஒரு மாதத்துக்கென வாங்கியதை ஓரிரவில் விழுங்கிவிடக் கூடியது. பழுது எங்கேயுள்ளது என்று கண்டு அதனை மட்டும் நீக்கும் அறிவு ஈண்டு பெரிதும் வேண்டப்படுவதாகும்.

தொகுப்பான் என்பது யாது? தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையை இதற்கு ஒப்பிடலாம். கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்திச் சலிக்கப்பட்டுத் தூளாகின்றது. அவ்வாறே மனிதர் எழுதும் மூலக் குறிமுறை தொகுப்பானுட் புகுந்து, பொறி உணரும் குறிமுறையாக வெளிவருகின்றது. பொதி என்பது வேறோரிடத்தில் முன்னரே தொகுத்துக் கட்டி அனுப்பப்பட்ட தூள். முறைமையைப் புதுப்பிக்கும்போது தொழிற்சாலையும் மாறுகின்றது; வந்திறங்கும் பொதிகளும் மாறுகின்றன. மாறாதிருப்பது பயனர் தம் கையாற் பறித்துவைத்த கொழுந்து ஒன்றே. பிணக்கு அங்கேதான் தோன்றுகின்றது.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இதனை நன்கு விளக்கும். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1987 இல் முதன்முதலாக வெளியிட்ட ‘ஜிசிசி’ என்னும் தொகுப்பானே லினக்ஸ் முறைமைகளிற் பெரிதும் வழங்குவது. பழைய சி மொழியில், அறிவிக்கப்படாத சார்பொன்றை ஒருவர் அழைப்பாராயின், அது முழுவெண்ணைத் தருமெனத் தொகுப்பான் தானே கருதிக்கொள்ளும். 1999 ஆம் ஆண்டின் சி மொழி நியமம் இவ்வழக்கத்தை நீக்கிவிட்டது. ஆயினும் ‘ஜிசிசி’ உடனே கடுமை காட்டவில்லை. எச்சரித்துவிட்டுத் தொகுத்துக் கொடுத்தே வந்தது. கால் நூற்றாண்டு கழிந்து, 2024 மே மாதத்தில் வந்த 14 ஆம் பதிப்பில் அவ்வெச்சரிக்கை வழுவாக மாறியது. டெபியன் 12 இல் இருந்தது தொகுப்பானின் 12 ஆம் பதிப்பு. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இல் இருப்பது 14 ஆம் பதிப்பு. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறியவர், பல ஆண்டுகளாகப் படியாமல் விட்ட எச்சரிக்கைகள் அனைத்தையும் ஒரே நாளில் எதிர்கொள்ள நேர்ந்தது.

இக்கடுமை வீம்பன்று. 32 பிட்டுப் பொறியில் முழுவெண்ணும் நினைவக முகவரியும் ஒரே அகலமுடையன; ஆதலின் முன்னைய கருத்துகோள் தவறாயினும் தீங்கு வெளிப்படாது. 64 பிட்டுப் பொறியிலோ முகவரி இருமடங்கு அகலமானது. மாணவர் தாமே வேறொரு கோப்பில் எழுதிய சார்பு ஒரு முகவரியைத் திருப்பித் தருமாயின், அறிவிப்பில்லாதவிடத்து அதன் பாதி வெட்டுண்டு போகும். செய்நிரல் சிலவேளை ஓடும். சிலவேளை காரணமின்றி மடியும். தொகுக்கும்போதே நிறுத்தப்படுவது இதனினும் நன்றன்றோ?

திருத்தம் எளிது. வழுப்பட்டியலின் கடைசி வரியைப் பாராது முதல் வரியைப் பார்த்தல் வேண்டும். பின்வருவன பெரும்பாலும் அதன் பிள்ளைகளே. அவ்வரி சுட்டும் சார்புக்குரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்தால், பத்து வழுக்கள் ஒருங்கே மறைதலும் உண்டு. தலைப்புக் கோப்பே காணப்படவில்லை என்று தொகுப்பான் சொல்லின், குறை குறிமுறையில் இல்லை. அந்நூலகத்தின் விருத்திப் பொதி புதுப்பித்தலின்போது அகற்றப்பட்டிருக்கும். 1989 ஆம் ஆண்டின் இலக்கணப்படி வாசிக்குமாறு தொகுப்பானைப் பணிக்கும் தெரிவும் உளது. நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய வேலைக்கு அது கைகொடுக்கும். நெடுநாளைக்கு அதனை நம்புதல் தகாது.

சத்தமிடும் வழுவினும் அஞ்சத்தக்கது சத்தமிடாத வழு. பெரிய மென்பொருள்கள் பல, தொகுக்கப்படுமுன் ஓர் ஆய்வுக் கோவையை இயக்குவன. அது சிறுசிறு செய்நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, ‘இவ்வசதி இம்முறைமையில் உண்டு, அவ்வசதி இல்லை’ எனக் குறித்துக்கொள்ளும். அச்சிறு செய்நிரல்களே பழைய வழக்கத்தில் எழுதப்பட்டிருப்பின், புதிய தொகுப்பான் அவற்றை மறுக்கும். ஆய்வுக் கோவையோ அம்மறுப்பை ‘வசதி இல்லை’ என்று பிழையாகப் பொருள்கொள்ளும். ஒரு வழுவும் திரையில் தோன்றாது. மென்பொருள் ஓர் உறுப்புக் குறைந்தே பிறக்கும். பெடோராத் திட்டத்தில் புளோரியன் வைமர் முதலானோர் 14 ஆம் பதிப்பு வருமுன்னரே பழைய மூலக் குறிமுறைகளைத் தேடித் திருத்தியமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகும். பயனர் செய்யத்தக்கது, ஆய்வுக் கோவை விட்டுச்செல்லும் பதிவேட்டைத் திறந்து, ‘இல்லை’ என்ற விடைகள் மெய்தானா என்று பார்ப்பதே.

முன்னரே தொகுத்து வைத்த செய்நிரலுக்கு வேறொரு நோய் வரும். உபுண்டு 20.04 இல் ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ நூலகத்தின் 1.1 ஆம் பதிப்பு இருந்தது, 22.04 இல் 3 ஆம் பதிப்பு வந்தது. முன்னதற்கெனத் தொகுத்தது பின்னதிலே நூலகத்தைக் காணாது நின்றுவிடும். மூலக் குறிமுறையை மீளத் தொகுத்தலே மருந்து. பைதன் மொழியிலும் இவ்வாறே: 2023 அக்டோபரில் வந்த 3.12 ஆம் பதிப்பு ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்னும் பழைய பகுதியைக் கைவிட்டது; அதனை நம்பிய நிறுவற் கோவைகள் முறிந்தன. பழைய பைதனுக்கென அமைத்த தனிச்சூழலைச் செப்பனிட முயல்வது வீண். அதிலுள்ள பொதிகளின் பெயர்ப்பட்டியலை முன்னரே எழுதிவைத்துப் புதிதாக அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

மலைநாட்டு மாணவருக்கு மிக இடர் தருவது இணைப்பே அறுந்துபோதல். சில வைஃபைக் கருவிகளின் இயக்கி, முறைமையின் கருப்பகுதியாகிய கேர்னல் மாறுந்தோறும் அப்பொறியிலேயே மீளத் தொகுக்கப்படுவது. புதிய கேர்னலுக்கு அது தொகுபடாவிடின் வைஃபை இல்லை. வைஃபை இல்லையேல் திருத்தத்தை இறக்கவும் வழியில்லை. இங்கே உதவுவது பழைய கேர்னல். புதுப்பித்தல் அதனை வழக்கமாக உடனே அழிப்பதில்லை. பொறி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் அதனைத் தெரிந்தால், முன்னர்த் தொகுத்த இயக்கியும் உடன்வரும். கைப்பேசியை வடத்தால் இணைத்து இணைப்புப் பெறுதல் இன்னொரு வழி. தேவையற்ற பொதிகளை அகற்றும் கட்டளையை, எல்லாம் சீரான பின்னரே இடுதல் வேண்டும். அவசரப்பட்டு இடுவோர் அப்பழைய கேர்னலையும் இழந்துவிடுவர்.

மின்சாரம் தடைப்பட்டுப் புதுப்பித்தல் இடையில் நின்றதாயின் வரிசை முக்கியம். பாதியில் நிற்கும் பொதிகளை அமைத்து முடிக்குமாறு ‘டிபிகேஜி’ என்னும் பொதிக்கருவியை முதலிற் பணித்து, அடுத்து முறிந்த சார்புநிலைகளை ‘ஆப்ட்’ கருவியாற் செப்பனிட்டு, அதன்பின்னரே தொகுப்பானின் வழுக்களைத் தொடுதல் வேண்டும். பொதிகள் குழம்பியிருக்கையிற் குறிமுறையைத் திருத்துவோர், இல்லாத பிழையைத் தேடி நல்ல வரிகளையும் கெடுத்துவிடுவர்.

இவ்வளவும் புதுப்பிக்கத்தக்க பொறிகளுக்கே பொருந்தும். பிறர் பயன்படுத்திக் கழித்துப் பள்ளிகளுக்கு வழங்கும் கணினிகளுள் 32 பிட்டுப் பொறிகளும் இருத்தல் கூடும். டெபியன் 13 அத்தகைய பொறிகளுக்கெனக் கேர்னலையோ நிறுவியையோ வழங்குவதில்லை. உபுண்டு அதற்கும் முன்னரே விட்டுவிட்டது. ஆகையாற் புதுப்பித்தலைத் தொடங்குமுன் பொறியின் செயலி எவ்வகையது என்பதை முதலிற் பார்த்து, 32 பிட்டாயின் டெபியன் 12 உடன் நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.