பக்கத்துக் காம்பராவில் புகை வருகிறதா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில், வளர்ந்தவன் நான். விடியற்காலையில் எங்கள் அம்மாயி கதவைத் திறந்ததும் அண்ணாந்து பார்ப்பது அக்கம்பக்கத்துக் காம்பராக்களின் தகரக் கூரைகளைத்தான். புகை கிளம்பினால் அந்த வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிறது, ஆள் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். கிளம்பாவிட்டால் அந்த வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஏறிக் குரல் கொடுப்பார்: "என்னா தங்கச்சி, இன்னும் அடுப்பு பத்தவைக்கலியா?"

காய்ச்சலா, ராத்திரிச் சண்டையா, மாவு தீர்ந்துபோய்விட்டதா என்பது அந்த ஒரு கேள்வியில் வெளிவந்துவிடும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடியே பாதி ரொட்டியையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியையும் அங்கே வைத்துவிட்டுத்தான் அம்மாயி மலைக்குப் போவார். தன் வீட்டில் மாவு நிறைந்து கிடந்ததால் கொடுத்தவர் இல்லை அவர்.

லயம் நம் முன்னோர் விரும்பிக் கட்டிய வீடில்லை. கோப்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்ட அமைப்பு அது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டு, மலையே தேயிலையான பிறகும் மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பத்தை அடைத்தார்கள். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இருமலும் அழுகையும் சுவருக்கு மேலாக ஏறி வரும். அந்த நெருக்கடியை நான் பெருமையாகச் சொல்லமாட்டேன். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உடுப்பு மாற்ற மறைவிடம் இல்லாத வீட்டில் என்ன பெருமை? ஆனால் அந்த நெருக்கடிக்குள் நம் ஆட்கள் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள். எதைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பது, எதைக் கேட்டதும் ஓடிப்போய் நிற்பது என்று பிரித்தறியும் பழக்கம் அது.

கடன்காரன் வந்து கத்தியதைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசக்கூடாது. பிள்ளை பரீட்சையில் தவறியதை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கக்கூடாது. இழவு விழுந்த வீட்டிலோ ஒருவரும் சொல்லாமலே அடுப்பு மூட்டும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "எப்படி நடந்திச்சு?" என்று வருகிறவர்கள் எல்லாம் துருவிக் கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்த கிழவிதான் அந்த வீட்டாருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தாள். பேரிடரில் சிக்கியவர்களை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்றுதான் இன்றைய உளநல மருத்துவர்களும் சொல்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோதும் உயிர்தப்பி வந்தவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது சுடச்சுட ஒரு தேத்தண்ணியும், காய்ந்த துணியும், சொந்தக்காரர் எங்கே என்ற தகவலும்தான்.

நாம் தவறிய இடமும் ஒன்று உண்டு. அடிவாங்கும் பெண்ணின் சத்தத்தை "அது அவங்க குடும்ப விஷயம்" என்று ஒதுக்கினோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அது நீதிமன்றம் தலையிடும் விஷயம். உள்ளே புகுந்து சண்டை பிடிக்கத் தைரியம் இல்லையா? தேங்காய் கேட்கும் சாக்கில் கதவைத் தட்டுங்கள். ஒரு குரல் கேட்டாலே ஓங்கிய கை பலநேரம் இறங்கும். பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாக 1938 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லுங்கள். சிறுவருக்கு ஆபத்தென்றால் 1929.

இப்போது நிலைமை வேறு. சில பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன. அது நம் உரிமை, இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கிடைக்காத உரிமை. ஆனால் மகன் கொழும்புக் கடையில், மகள் குவைத்தில் என்றால், அந்தப் புது வீட்டுக்குள் பேரப்பிள்ளையோடு ஒரு வயதான அம்மா மட்டும் இருக்கிறார். சுவர் கெட்டியாகிவிட்டது, இருமல் வெளியே கேட்பதில்லை. கேஸ் அடுப்பில் புகையும் கிளம்புவதில்லை. முன்பு சுவரும் புகையும் சொன்னதை இனி நாமே போய்க் கேட்டுத்தான் அறியவேண்டும்.

"நல்லாருக்கீங்களா?" என்றால் "இருக்கேம்பா" என்றுதான் பதில் வரும். "ராத்திரி தூக்கம் வந்திச்சாம்மா? என்ன சாப்பிட்டீங்க? கிளினிக்குக்கு எப்ப போகணும்?" என்று கேளுங்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அதைப் பற்றி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. நஞ்சைத் தேடும் அந்த ஒரு வேளையைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மரக்கறித் தோட்டத்து மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், 1926 என்ற தேசிய உளநல எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுப் படியேறுங்கள். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. தேத்தண்ணியை அவர்களே ஊற்றித் தருவார்கள். முழுவதும் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.