பழைய நாயகர், புதிய வேடம்



ஒரு கதாநாயகனுக்கு ஆயுள் எவ்வளவு? அவனைப் படைத்த ஆசிரியர் மறைந்த பின்னும் அவன் வாழலாமா? வாழ்வதாயின், அதே உடையும் அதே ஊரும் அதே பழக்கங்களும் உடையவனாகத்தான் வாழவேண்டுமா? மேனாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள் சில இவ்வினாக்களுக்கு விடை தந்திருக்கின்றன. நூறாண்டுக்கு முற்பட்ட கதைகளின் நாயகரை அவை நம் காலத்து வீதிகளில் நடமாட விட்டிருக்கின்றன. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொண்டு, பழைய பாத்திரம் ஒன்றில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

முதலில் மூலத்தை நோக்குவோம். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளர் 1887-ஆம் ஆண்டில் கதையுலகில் தோன்றினார். அவரைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் ஒரு மருத்துவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜோசப் பெல், நோயாளியின் தோற்றத்தைக் கொண்டே அவருடைய தொழில் முதலியவற்றைக் கூறிவிடும் ஆற்றல் படைத்தவர். அந்த ஆற்றலே ஹோம்ஸ் என்னும் பாத்திரத்திற்கு வித்தாயிற்று. ஆகவே, ஹோம்ஸின் உயிர்நாடி அவர் வாயிலுள்ள புகைக்குழாய் அன்று. கண்டதிலிருந்து காணாததை ஊகித்தறியும் முறையே ஆகும்.

1893-இல் டாயில் தம் நாயகனை ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் மாய்த்துவிட்டார். வாசகர்களோ அவரை விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் மீண்டும் உயிர்பெற்று வந்தார். நாயகன் ஒருவன் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றுவிட்டால், பின்னர் அவன் ஆசிரியருக்கு மட்டும் உரியவன் அல்லன் என்பதை அன்றே உலகம் கண்டுகொண்டது.

1984 முதல் 1994 வரை இங்கிலாந்தின் கிரனடா தொலைக்காட்சி ஹோம்ஸ் கதைகளைப் பழைய லண்டன் சூழலிலேயே எடுத்தது. ஜெரமி பிரெட் நாயகராக நடித்தார். குதிரை வண்டி, வாயு விளக்கு எல்லாம் மூலத்தில் உள்ளபடியே இருந்தன. இது ஒரு நெறி. 2010-இல் பி.பி.சி. நிறுவனம் வேறொரு நெறியை மேற்கொண்டது. ஸ்டீவன் மொஃபட், மார்க் கேட்டிஸ் என்னும் இருவர் ஹோம்ஸை இருபத்தொன்றாம் நூற்றாண்டு லண்டனில் குடியேற்றினர். புகைக்குழாயின் இடத்தில் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டைகள். தந்தியின் இடத்தில் கைப்பேசி. வாட்சன் எழுதும் குறிப்புகளின் இடத்தில் இணைய வலைப்பதிவு.

ஆனால், ஒரு செய்தியை அவர்கள் மாற்றவேண்டிய அவசியமே நேரவில்லை. மூலத்தில் டாக்டர் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயமுற்றுத் திரும்பியவர். 2010-ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் வீரர்கள் அதே ஆப்கானிஸ்தானில் போரிட்டுக்கொண்டிருந்தனர்! கதை புதுப்பிக்கப்பட்டது, உலகத்தின் துயரமோ பழையதாகவே இருந்தது.

இத்தொடரின் முதற்பகுதியில் ஒரு நுட்பத்தைக் காணுங்கள். டாயிலின் கதையொன்றில், வாட்சனின் கடிகைக்குச் சாவி கொடுக்கும் துளையைச் சுற்றிக் கீறல்கள் காணப்படுகின்றன. இரவில் நடுங்கும் கையால் சாவி கொடுத்தவன் குடிகாரனாக இருத்தல் வேண்டும் என்று ஹோம்ஸ் முடிவு செய்கிறார். புதிய தொடரில் கடிகை கைப்பேசியாகிறது. மின்னேற்றும் துளையைச் சுற்றிக் கீறல்கள் காணப்படுகின்றன. பொருள் மாறியது, தருக்கம் மாறவில்லை. அதன்மேல் ஆசிரியர்கள் இன்னுமொரு திருப்பம் வைத்தனர். பொறித்திருந்த ஹாரி என்னும் பெயரைக் கண்டு, அது வாட்சனின் சகோதரன் என்கிறார் ஹோம்ஸ். உண்மையில் அது சகோதரி! கண்கள் கண்டது சரி; மனம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டது பிழை. அறிவியல் பயிலும் மாணவர்க்கு இதைவிட நல்ல பாடம் ஏது? 2017-இல் முடிந்த இத்தொடரின் பிற்பகுதிகளில் தருக்கத்தை விடத் திடுக்கிடும் காட்சிகளே ஓங்கின என்பது என் கருத்து. நாயகனோடு சேர்ந்து நாமும் சிந்திக்கும் இன்பம் குறையும்போது, ஹோம்ஸ் என்னும் பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

இரண்டாவது தொடர், அமெரிக்காவில் 2012 முதல் 2019 வரை ஒளிபரப்பான எலிமென்டரி. இதில் ஹோம்ஸ் நியூயார்க் நகரில் வாழ்கிறார். வாட்சன் ஒரு பெண். முன்னர் அறுவை மருத்துவராக இருந்தவர். டாயில் எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் கொக்கேயின் சட்டப்படி கிடைத்தது. ஹோம்ஸுக்கு அப்பழக்கம் இருந்தது. வாட்சன் அதனைக் கண்டித்தார். எனினும் கதையில் அது ஓரத்து நிகழ்ச்சியே. அமெரிக்கத் தொடரோ போதைப் பழக்கத்தை ஒரு நோயாகவே நடுவில் வைக்கிறது. அதிலிருந்து மீளும் ஹோம்ஸுக்குத் துணையாகவே வாட்சன் முதலில் வருகிறார். ஆண் பெண்ணான பின்னும், அவ்விருவர் உறவு காதலாக மாற்றப்படவில்லை, தோழமையாகவே நின்றது. வெளியே பெரிய மாற்றம்; உள்ளே மூலத்திற்கு விசுவாசம்.

மூன்றாவது தொடர் பிரான்ஸ் நாட்டினது. மோரிஸ் லெப்லான் 1905-இல் படைத்த ஆர்சேன் லூப்பேன் ஒரு கனவான் திருடன்; வேடம் புனைவதில் வல்லவன். 2021-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட லூப்பேன் தொடரின் நாயகன் அவன் அல்லன். அவனைப் பற்றிய நூலைப் படித்தவன்! செனகல் நாட்டிலிருந்து குடியேறியவரின் மகனாகிய அசான் டியோப்புக்கு அந்நூலைத் தந்தவர் தந்தை. அத்தந்தை செய்யாத களவிற்காகச் சிறையுண்டு, அங்கேயே உயிர் நீத்தார். அசான் துப்புரவுப் பணியாளனாக லூவர் அருங்காட்சியகத்தில் நுழைகிறான். செல்வர் எவரும் அவன் முகத்தை நினைவில் கொள்வதில்லை. பழைய லூப்பேனுக்குப் பொய்த்தாடியும் மீசையும் வேண்டியிருந்தன. இவனுக்கோ உலகத்தின் அலட்சியமே வேடமாகிறது. ஏழைத் தொழிலாளியைப் பார்த்தும் பாராதிருக்கும் சமுதாயத்தின் மீது இதைவிடக் கூரிய குற்றச்சாட்டு வேண்டுமோ?

இம்மூன்றாலும் நாம் அறிவது யாது? உடை, ஊர், கருவி, பால், நிறம் ஆகியவை பாத்திரத்தின் உடல். அதன் உயிர் வேறு. ஹோம்ஸுக்கு உயிர் ஆராயும் முறையும் ஒரு நண்பனின் துணையும். லூப்பேனுக்கு உயிர், வலியவரை அறிவினால் வெல்லும் விளையாட்டு. உயிரைப் போற்றி உடலை மாற்றினால் அது மறுபிறவி. உடலை அலங்கரித்து உயிரை இழந்தால் அது வெறும் பொம்மை.

மாணவ நண்பர்களே, இத்தகைய தொடரைக் காணும்போது, நாயகன் மூலத்தில் உள்ளபடியே இருக்கிறானா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எதை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்று கேளுங்கள். அதற்கு விடை காண மூலநூலைப் படித்தேயாக வேண்டும். தந்தை தந்த ஒரு நூலிலிருந்துதான் அசானின் கதை முழுவதும் விரிகிறது என்பதையும் மறவாதீர்கள்.