உப்புக் காற்றில் ஒரு லேப்டாப்

இஸ்திரிப் பெட்டியையும் கேம் ஓடுகிற லேப்டாப்பையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வீட்டு இஸ்திரிப் பெட்டி சுமார் 1,000 வாட். அந்தச் சூடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் தகட்டில் பரவுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். லேப்டாப் பிராசசர் எடுப்பது 45 வாட்தான். ஆனால் அத்தனை சூடும் 2 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள சிலிக்கான் சில்லிலிருந்து வெளியேற வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 22 வாட்டுக்கு மேல். இஸ்திரிப் பெட்டியைவிட நாலு மடங்கு! பக்கத்தில் இருக்கும் கிராபிக்ஸ் சிப் இதைவிடக் கூடுதலாகவே சூட்டைக் கக்கும்.

இந்தச் சூட்டைக் கடத்துகிற ஏற்பாடுதான் உண்மையில் அதிசயம். அடிமூடியைக் கழற்றினால் சப்பையான செப்புக் குழாய்கள் தெரியும். கெட்டியான செப்புப் பட்டை என்றே பலரும் நினைப்பார்கள். உள்ளே இருப்பது கொஞ்சம் தண்ணீர். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய குழாய் என்பதால், 100 டிகிரி வரை காத்திருக்காமல் 40, 50 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்குள்ள மெல்லிய உலோகத் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுத்துவருகின்றன. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிப் பயன்பாட்டை மனதில் வைத்து உருவாக்கிய நுட்பம் இது. இன்று ராமநாதபுரத்தில் எந்த மொபைல் கடைக்காரரும் கழற்றி மாட்டுகிறார்.

தகடுகளுக்கு வந்த சூட்டை வெளியே தள்ளுவது ஃபேனின் வேலை. அது முடியாமல் போனால் சிப்பின் வெப்பம் ஏறும். பெரும்பாலான பிராசசர்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதை நெருங்கியதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமில் படம் திக்குவது அப்போதுதான். அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். திரை கறுப்பது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல். திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அறையின் வெப்பமும் கணக்கில் சேரும். 25 டிகிரி அறையில் 88-ல் நிற்கிற சிப், அதே கேமை மே மாதத்து 36 டிகிரி அறையில் ஓட்டினால் 99-க்குப் போகும். ஆனால் மதுரையிலும் வேலூரிலும் வெயிலுக்குக் குறைவில்லையே? கடல் சூழ்ந்த ராமேஸ்வரம் தீவுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது: காற்றில் கலந்த உப்பு.

இந்த உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு, தீவை இணைக்கும் பாம்பன் பாலமே சாட்சி. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், துருவால் நலிந்த தூக்குப் பகுதியைக் காரணம் காட்டி 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) உலோக அரிப்பை ஆராய மண்டபம் ஊரில் ஒரு மையமே வைத்திருக்கிறது.

சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். தீவில் காற்று அவ்வளவு வறள்வது அபூர்வம். ஆகவே கச்சான் என்கிற மேற்குக் காற்றோடு வந்து ஃபேனுக்குள் நுழைகிற தூசி இங்கே உதிரியாக இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் தகட்டு இடைவெளிகளில் ஈரமாக ஒட்டி, கம்பளித் துண்டு கணக்காகப் படிந்துவிடுகிறது. ஃபேன் எவ்வளவு இரைந்தாலும் காற்று வெளியேறாது.

இன்னொரு விஷயம், பலர் யோசிக்காதது. லேப்டாப் ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் உப்பு காய்ந்து கிடக்கும். அரிப்பு நடப்பது அணைத்து வைத்த இரவில். ஈரம் ஏறி, செம்பும் அலுமினியமும் சேருகிற இடங்களில் உப்புநீர் வேலையைத் தொடங்கும். தினமும் நனைந்து காய்வதுதான் உலோகத்துக்குக் கேடு.

சூடு தணிய அடியில் ஐஸ் பையோ ஈரத்துணியோ வைக்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 31 டிகிரியும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்றில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் துளிர்க்கும். அது மதர்போர்டாகவும் இருக்கலாம்.

செலவில்லாத வழி கேமின் செட்டிங்கிலேயே இருக்கிறது. வினாடிக்கு 120 பிரேம் ஓடுவதை 60-க்கு நிறுத்துங்கள். சிப்பின் வேலை குறைந்து சூடும் குறையும். மெத்தைமேல் வைத்து விளையாடாதீர்கள், காற்று நுழைகிற துளைகள் அடைபடும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேஜை வேண்டாம். வருடம் ஒருமுறையாவது கடையில் கொடுத்துத் தகடுகளைச் சுத்தம் செய்து, சிப்மேல் தடவிய, சூடு கடத்தும் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டிலேயே புளோயர் அடிப்பதாக இருந்தால், லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கட்டுக்கடங்காமல் சுற்றவிட்டால் அதன் பேரிங் போய்விடும்.