அரிதாரத்துக்குப் பின்னால் ஒரு கல்யாணி!

புதுவையிலிருந்து நெட்டப்பாக்கம் போகிற சாயங்கால பஸ். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம். பேச்சு சினிமாப் பக்கம் திரும்புகிறது.

"அந்த நடிகை புருஷனை விட்டுட்டாளாமே?"

"அவ எப்போ சேர்ந்து இருந்தா, விடறதுக்கு?"

ஒரே சிரிப்பு! சொன்னவர் அந்த நடிகையைப் பார்த்தது திரையில் மட்டும்தான்.

இந்தப் பேச்சுக்கு ஒரு நாவலாசிரியர் எப்போதோ பதில் எழுதிவிட்டார். நமக்குப் பக்கத்துக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன்தான் அவர். நாவலின் பெயர், 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'.

யார் இந்தக் கல்யாணி?

கதாநாயகி கல்யாணி, நாடக நடிகை. மேடை ஏறினால் கைதட்டல். ரசிகர் கூட்டம். சினிமாவோ, நாடகமோ, அரிதாரம் ஒன்றுதானே!

ரங்கா, நாடக விமர்சனம் எழுதும் பத்திரிகைக்காரன். மனைவியை இழந்தவன். கல்யாணி அவனை விரும்பி மணக்கிறாள்.

படிக்கிறவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்? கள்ளக்காதல், பணத்தாசை, குடி... அப்படி எதுவுமே இல்லை! நடிகையின் ரகசிய வாழ்க்கை என்று எட்டிப் பார்த்தால், அங்கே இருப்பது அன்புக்கு ஏங்கும் ஒரு பெண்.

கோளாறு ரங்காவின் மனசில். 'இவள் காட்டுவது பாசமா, அதுவும் நடிப்பா?' என்ற அரிப்பு. பிரிந்து போகிறான். கல்யாணி சண்டை போடவில்லை. கடைசியில் அவளுக்குக் கால்கள் விளங்காமல் போகின்றன. அப்போதுதான் ரங்கா திரும்பி வருகிறான். அவளுக்குப் பணிவிடை செய்கிறான்.

பீம்சிங் டைரக்‌ஷனில் 1978-ல் இது படமாகவும் வந்தது. கல்யாணியாக லட்சுமி, ரங்காவாக ஸ்ரீகாந்த்.

வதந்தியின் விலை

"சும்மா பேசறதுல என்னய்யா கெட்டுப் போச்சு?" என்று கேட்கலாம்.

லட்சுமிகாந்தன் கதையைக் கேளுங்கள். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர். 'சினிமா தூது' அவர் நடத்திய பத்திரிகை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947-ல் இருவருக்கும் விடுதலை.

கொன்றது யார்? இன்றுவரை தெளிவில்லை. கலைவாணர் மீண்டு வந்தார். பாகவதருக்கோ பழைய மவுசு திரும்பவே இல்லை. 1959-ல் காலமானார்.

அன்று அந்தரங்கத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். இன்று செல்போனில் இலவசமாக வருகிறது. ருசி மட்டும் மாறவில்லை!

நம்ம வீட்டு விஷயம்

நடிகையை விடுங்கள். மில்லுக்குப் போய் இரவு ஷிப்டு முடித்து வரும் பெண், ஆபீசில் நாலு பேரிடம் சிரித்துப் பேசும் பெண்... அவர்களைப் பற்றியும் இதே பஸ்ஸில் இதே பேச்சுத்தானே? ரங்காவின் சந்தேகம் எத்தனை வீடுகளில் குடியிருக்கிறது!

கல்யாணி கால் விழுந்த பிறகுதான் ரங்காவுக்குக் கண் திறந்தது. அதுவரை காத்திருக்க வேண்டுமா?

நெட்டப்பாக்கம் வந்துவிட்டது. பார்த்து இறங்குங்கள். கேட்ட வதந்தியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். அங்கே உங்கள் கல்யாணி காத்திருக்கிறாள்!