ஜேம்ஸ் ஹாங்

ஜேம்ஸ் ஹாங் (பிறப்பு: பிப்ரவரி 22, 1929) சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகரும் பின்னணிக் குரல் கலைஞரும் ஆவார். 1950களின் நடுப்பகுதியில் நடிக்கத் தொடங்கிய இவர், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், அசைவூட்டப் படம், நிகழ்பட விளையாட்டு என 450க்கும் மேற்பட்ட படைப்புகளில் பங்கேற்றுள்ளார். இவற்றுள் இவர் முதன்மை வேடம் ஏற்றவை மிகச் சிலவே. எஞ்சியவை பெரும்பாலும் ஓரிரு காட்சிகளில் வந்து மறையும் வேடங்கள் ஆகும். இவ்வளவு நீண்ட திரைவாழ்வு இவ்வளவு சிறிய வேடங்களால் ஆனது ஏன் என்ற கேள்விக்கான விடை, ஹாலிவுட் தன் ஆசிய நடிகர்களை நடத்திய விதத்தில் உள்ளது.

இளமையும் கல்வியும்

ஹாங் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அந்நகரில் சீன மூலிகைக் கடை நடத்தி வந்தார். ஐந்து வயதளவில் ஹாங்காங்கிற்கு அனுப்பப்பட்ட ஹாங், அங்கே தொடக்கக் கல்வி பெற்று, பத்து வயதளவில் அமெரிக்கா திரும்பினார். ஆங்கிலத்தை ஏறக்குறைய புதிதாகக் கற்க வேண்டிய நிலையில் பள்ளிக்குச் சென்ற இவர், வானொலியிலும் திரையிலும் கேட்ட குரல்களைப் போலப் பேசிக் காட்டும் பழக்கம் உடையவராக இருந்தார்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படிக்கத் தொடங்கினார். கொரியப் போர்க் காலத்தில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது, அலபாமாவில் இருந்த முகாமில் படைவீரர்களுக்கான கலை நிகழ்ச்சிகளை நடத்தினார். பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்று, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை நிறைவு செய்தார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்தில் சாலைப் பொறியாளராக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் பணியாற்றினார். விடுப்பு எடுத்துக்கொண்டு படப்பிடிப்புகளுக்குச் சென்று வந்த இவர், இறுதியில் வேலையைத் துறந்து முழுநேர நடிகரானார். பொறியியல் படித்துவிட்டுக் கலைக்குச் சென்றவர்கள் பலர் உண்டு. ஆனால் தம் இனத்தவருக்கு முதன்மை வேடமே கிடைக்காத ஒரு துறைக்காக நிலையான அரசுப் பணியை விட்டவர்கள் குறைவு.

1954இல் குரூச்சோ மார்க்ஸ் நடத்திய புகழ்பெற்ற தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்ட ஹாங், சில நடிகர்களைப் போலவும், குரூச்சோவின் முன்னிலையிலேயே குரூச்சோவைப் போலவும் பேசிக் காட்டினார். இந்நிகழ்ச்சி இவருக்குத் திரைத்துறையின் கதவைத் திறந்தது.

மஞ்சள் ஒப்பனைக் காலம்

ஹாங் நுழைந்த காலத்து ஹாலிவுட்டில், கதையின் முதன்மைப் பாத்திரம் ஆசியராக இருந்தால் அதனை வெள்ளை இன நடிகரே ஏற்பது வழக்கம். கண்ணிமைகளை ஒட்டுப் பட்டையால் இழுத்துக் கட்டி, தோலுக்கு நிறம் பூசி, உச்சரிப்பை மாற்றிப் பேசுவர். இது 'மஞ்சள் ஒப்பனை' எனப்படுகிறது. சீன உழவர் குடும்பம் ஒன்றின் கதையான தி குட் எர்த் (1937) படத்தில் கணவனாக பால் முனியும் மனைவியாக லூயிசு ரைனரும் நடித்தனர். ரைனருக்கு அவ்வேடத்திற்காக ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அக்காலத்தின் முன்னணிச் சீன அமெரிக்க நடிகையான அன்னா மே வாங் அவ்வேடத்தை விரும்பியும் பெறவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுவது வழக்கம். ஆசிய முகங்களைக் காண மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டார்கள் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. மற்றொன்று, திரைத்துறை தனக்குத் தானே விதித்துக்கொண்ட தணிக்கை நெறிகள். 1950களின் நடுப்பகுதி வரை நடைமுறையில் இருந்த கலப்புக் காதலுக்கான தடையின் காரணமாக, நாயகன் வெள்ளையர் என்றால் நாயகியும் வெள்ளையராகவே இருக்க நேர்ந்தது. ஒரு விலக்கு மற்றொரு விலக்கை உண்டாக்கியது.

இந்த அமைப்பின் விளிம்பிலேயே ஹாங்கின் முதல் வேடங்கள் அமைந்தன. கிளார்க் கேபிள் நடித்த சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன் (1955) இவருடைய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. அதே ஆண்டில் வெளியான லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்ட் திங் படத்தில், பாதிச் சீனரான நாயகியாக ஜெனிஃபர் ஜோன்ஸ் நடிக்க, ஹாங்கிற்குச் சிறு வேடமே கிடைத்தது. ஜப்பானிய காட்சில்லா படம் 1956இல் அமெரிக்காவுக்கென மாற்றி வெளியிடப்பட்டபோது, ஜப்பானியப் பாத்திரங்கள் பலவற்றுக்கு ஹாங்கும் மற்றொரு நடிகரான சாமி டாங்கும் ஆங்கிலக் குரல் கொடுத்தனர்.

1957இல் தொடங்கிய சார்லி சான் துப்பறியும் தொடரில் இவருக்கு மூத்த மகன் பாரி வேடம் கிடைத்தது. தந்தை சார்லி சானாக நடித்த ஜே. கேரல் நாயிஷ் ஐரிய வம்சாவளியினர். மகன் சீனர், தந்தை ஒப்பனை செய்த வெள்ளையர் என்ற அந்த ஏற்பாடு அக்காலப் பார்வையாளர்களுக்கு வியப்பளித்ததாகத் தெரியவில்லை.

தொலைக்காட்சியும் சிறு வேடங்களும்

ஹாங்கின் படைப்புகளின் எண்ணிக்கை இவ்வளவு பெருகியதற்குத் தொலைக்காட்சியே முதன்மைக் காரணம் ஆகும். அமெரிக்கத் தொடர்களில் நாயகனும் துணைவர்களும் நிலையானவர்கள். ஆனால் வாரந்தோறும் கதை புதிது. அதில் வரும் சாட்சி, கடைக்காரர், ஒற்றன், மருத்துவர் ஆகியோரும் புதியவர்கள். இவ்விருந்தினர் வேடங்களுக்குச் சில நாள் படப்பிடிப்பே போதும். ஒரு நடிகர் ஓர் ஆண்டில் பல தொடர்களில் தோன்ற இயலும். குங் ஃபூ (1972-1975) தொடரில் ஹாங் வெவ்வேறு அத்தியாயங்களில் வெவ்வேறு மனிதராக வந்தார். பாதிச் சீனரான அத்தொடரின் நாயகனாக நடித்தவர் டேவிட் காரடைன். சீன வம்சாவளி இல்லாதவர்.

சலவைக்காரர், சமையற்காரர், பணியாளர், வில்லன் ஆகிய வார்ப்புகளுக்குள்ளேயே ஆசிய நடிகர்கள் சுழன்றுகொண்டிருந்தனர். இதனால் மனம் நொந்த ஹாங், நடிகர் மாக்கோ உள்ளிட்டோருடன் சேர்ந்து 1965இல் லாஸ் ஏஞ்சலசில் ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆசிய அமெரிக்கர்கள் எல்லா வேடங்களையும் ஏற்பதற்கு ஒரு மேடை வேண்டும் என்பதே நோக்கம். முதல் நாடகம் ராஷோமோன். தொடக்க ஆண்டுகளில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நாடகங்கள் நடைபெற்றன. 1998இல் குழு லிட்டில் டோக்கியோ பகுதியில் உள்ள அரங்கிற்கு இடம்பெயர்ந்தது. ஹாங்கின் நூற்றுக்கணக்கான வேடங்களை விட இந்த ஒரு செயல் பிற்கால நடிகர்களுக்குக் கூடுதலாகப் பயன்பட்டது எனலாம்.

நினைவில் நின்ற வேடங்கள்

ரோமன் போலன்ஸ்கியின் சைனாடவுன் (1974) படத்தில் ஃபே டனவே ஏற்ற பாத்திரத்தின் பட்லராக ஹாங் நடித்தார். ரிட்லி ஸ்காட்டின் பிளேட் ரன்னர் (1982) படத்தில் இவர் ஏற்ற ஹானிபல் சியூ, செயற்கை மனிதர்களுக்குக் கண்களை வடிவமைக்கும் மரபணு வல்லுநர். உறைகுளிர் ஆய்வகத்தில் கம்பளி உடைக்குள் ஒடுங்கித் தம் வேலையை இரசித்துக்கொண்டிருக்கும் முதியவரிடம், அவரால் கண் பெற்றவர்களே வந்து தம் ஆயுளைப் பற்றிக் கேட்கின்றனர். சில நிமிடங்களே நீடிக்கும் அக்காட்சியில் பெருமிதமும் நடுக்கமும் ஒரே முகத்தில் அடுத்தடுத்துத் தோன்றுவது காணத்தக்கது.

ஜான் கார்பெண்டரின் பிக் டிரபுள் இன் லிட்டில் சைனா (1986) இவருக்குப் பெரிய வேடம் ஒன்றை அளித்தது. சாபத்தால் உடலை இழந்து, பச்சைக் கண்ணுடைய பெண்ணை மணந்தால்தான் மீள முடியும் என்ற நிலையில் உள்ள பழங்கால மந்திரவாதி லோ பான் என்பது அது. சக்கர நாற்காலியில் முனகும் கிழவராகவும், பட்டாடை அணிந்த ஆவியாகவும் இரு தோற்றங்களில் ஹாங் நடித்தார். வெளியானபோது தோல்வியடைந்த இப்படம், பின்னர் ஒளிநாடாக்கள் வழியாகப் பெருந்திரளான இரசிகர்களைப் பெற்றது. தொடர்ந்து தி வைன்யார்ட் (1989) என்ற திகில் படத்தை இணைந்து இயக்கி, தாமே முதன்மை வேடத்திலும் நடித்தார்.

சைன்ஃபெல்ட் நகைச்சுவைத் தொடரின் சீன உணவக அத்தியாயம் (1991) முழுவதும் மேசைக்காகக் காத்திருக்கும் மூவரைப் பற்றியது. எப்போது கேட்டாலும் இன்னும் ஐந்து, பத்து நிமிடம் என்றே பதிலளிக்கும் உணவக வரவேற்பாளர் ஹாங். வழக்கமான வார்ப்பைச் சேர்ந்த வேடமே எனினும், சிரிக்காமல் பேசும் அவருடைய முறையால் அது தொடரின் புகழ்பெற்ற பாத்திரங்களுள் ஒன்றாயிற்று.

குரல் நடிப்பு

முகம் தெரியாத துறையில் வார்ப்புகளின் இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. டிஸ்னியின் முலான் (1998) படத்தில் சி ஃபூ என்ற சிடுசிடுப்பான அரசு அதிகாரிக்கும், குங் ஃபூ பாண்டா (2008) படத்தில் நூடுல்ஸ் கடை நடத்தும் வாத்தான திரு. பிங்கிற்கும் குரல் கொடுத்தார். வளர்ப்பு மகனான பாண்டா கரடியின் கனவைப் புரிந்துகொள்ளாமலும், அவனை இழக்க அஞ்சியும் தவிக்கும் தந்தை பிங். 2011, 2016 ஆண்டுகளில் வந்த தொடர்ச்சிகளிலும் இப்பாத்திரத்திற்கு இவரே குரல் கொடுத்தார். தொலைக்காட்சிச் சிறப்புப் படமான குங் ஃபூ பாண்டா ஹாலிடேக்காக ஆனி விருது பெற்றார்.

பிற்கால ஏற்பு

2020இல் நடிகர் டேனியல் டே கிம், ஹாலிவுட் புகழ் நடைபாதையில் ஹாங்கிற்கு ஒரு நட்சத்திரம் பெறுவதற்காக இணையம் வழி நிதி திரட்டினார். அதற்குத் தேவையான 55,000 டாலர் சில நாட்களிலேயே சேர்ந்தது. 2022 மே 10 அன்று நட்சத்திரம் திறக்கப்பட்டபோது ஹாங்கின் வயது 93.

அதே ஆண்டில் வெளியான எவரிதிங் எவரிவேர் ஆல் அட் ஒன்ஸ் படத்தில், மிஷெல் யோ ஏற்ற நாயகியின் தந்தையான கோங் கோங்காக நடித்தார். மகளைப் பாராட்டத் தெரியாத அம்முதியவர் பெரும்பாலும் கன்டோனியத்தில் பேசுகிறார். 2023இல் இப்படம் ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்றது. அதற்குச் சில நாட்கள் முன்னர், பிப்ரவரி 26 அன்று, திரை நடிகர் சங்கத்தின் சிறந்த நடிகர் குழு விருதை இக்குழு பெற்றது. மேடையில் பேசிய ஹாங், தி குட் எர்த் படத்தில் கண்களை ஒட்டுப் பட்டையால் இழுத்துக் கட்டி நடித்தவர்களைப் போலப் பேசிக் காட்டினார். ஆசிய நடிகர்கள் திறமை போதாதவர்கள், வசூல் தரமாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் கூறியதை நினைவுகூர்ந்து, இப்போது எங்களைப் பாருங்கள் என்றார். அரங்கில் இருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர்.

2024இல் வெளியான குங் ஃபூ பாண்டா நான்காம் பாகத்தில், தம் 95ஆம் வயதில், மீண்டும் பிங்கிற்குக் குரல் கொடுத்தார்.