கார்டில் வந்த சாரல்

குற்றாலத்தில் அருவி விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்று இப்போது யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காலையில் செல்போனைத் திறந்தால் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் வீடியோவாக வந்து நிற்கிறது. நல்லதுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிர் போனதை நினைத்தால் இன்னும் மனசு பதறுகிறது. 'குளிக்கத் தடை' என்ற செய்தி உடனே கைக்கு வருவது எவ்வளவு பெரிய உதவி! ஆகவே, செல்போனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் சகோதரிகளே, 'சாரல் ஆரம்பிச்சாச்சு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க' என்று 15 காசு கார்டில் எழுதிப் போட்ட காலம் ஒன்று இருந்ததே, அது உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா?

1981ல் நான் இலஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்தேன். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால், ஆனி பிறந்தால் கார்டு எழுதுவதே எங்கள் வீட்டில் தனி வேலை. மதுரை நாத்தனாருக்கு ஒன்று, கோவில்பட்டியில் என் அம்மாவுக்கு ஒன்று, சித்தப்பா பெரியப்பா வகையறாவுக்கு நாலைந்து. கார்டு போய்ச் சேரும் முன்பே பெட்டியும் பையுமாக வந்து இறங்கியவர்களும் உண்டு!

கடிதத்துக்கென்றே ஒரு முறை இருந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி. 'நலம், நலமறிய ஆவல்.' கல்யாணச் சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். துக்கச் சேதி என்றால் வாசித்ததும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். இன்லண்டு என்றால் மடக்கி ஒட்டுகிற ஓரத்தைக்கூட என் அம்மா விடமாட்டாள். அவசரமாகப் பிரித்தால் அந்த ரெண்டு வரி கிழிந்து போகும். வாசித்து முடித்த கடிதங்களைக் கம்பியில் குத்தி உத்திரத்தில் தொங்கவிடுவோம்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். மருமகள் பேருக்கு வந்த கடிதமாக இருந்தாலும், மாமா பிரித்துத் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்த பிறகுதான் என் கைக்கு வரும். தாய்க்கும் மகளுக்கும் நடுவே ரகசியம் என்பதே கிடையாது. அதனால் என் கஷ்டத்தை நான் எழுதியதும் இல்லை, அம்மா கேட்டதும் இல்லை.

1988ல் எனக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிரசவம் இங்கேயே நடந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அம்மாவால் உடனே வர முடியவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருத்தர் முகமும் முகமாக இல்லை. பத்தாம் நாள் அம்மாவின் இன்லண்டு வந்தது. வழக்கம்போல மாமா வாசித்தார்.

'சம்பந்தி அவர்களுக்கு நமஸ்காரம். உங்கள் வீட்டுக்கு இன்னொரு மகாலட்சுமி வந்திருக்கும் சேதி கேட்டு மனசு குளுந்துபோச்சு. எனக்கும் மூணும் பொண்ணுதான். ஒருத்தி கண் கலங்கினால் மத்த ரெண்டு பேரும் வந்து நிற்கிறாளுக. உங்களைப் போலப் பெரியவங்க இருக்கிற வீட்டில் பிறக்க அந்தப் பிள்ளை கொடுத்து வச்சிருக்கணும். நல்லாப் படிக்க வைப்பீங்க என்று எனக்குத் தெரியும்.'

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சம்பந்தியம்மா அஞ்சாப்புதான் படிச்சிருக்காங்கன்னு யாரு சொன்னா?" என்றார். உள்ளே பார்த்து, "ஏளா, பாப்பாவை இங்க கொண்டா" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

எல்லோர் காதிலும் விழும் என்று தெரிந்தேதான் அம்மா அப்படி எழுதியிருக்கிறாள். போன் ஒருத்தர் காதோடு நின்றுவிடும். அந்தக் கடிதம் வீட்டுக்கே புத்தி சொன்னது. யாரையும் குத்தாமல் சொன்னது.

அந்தப் பெண் இன்று இன்ஜினியர். போன வருஷம் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்தக் கடிதம் அவள் கையில் கிடைத்தது. முகவரியில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்ததைப் பார்த்து, "இது எந்த ஊரும்மா?" என்று சிரித்தாள். 1997ல் அந்தப் பேர் போனது. 2019ல் தென்காசியே தனி மாவட்டமும் ஆகிவிட்டது. உள்ளே வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆச்சி எனக்காகவா எழுதினாங்க?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் செல்போன் பழுதானபோது, அதிலிருந்த மெசேஜ் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான இந்தத் தாளோ அப்படியே இருக்கிறது.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882-1954) நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள் எழுதியதை யார் புத்தகம் போடுவார்கள்? பெட்டிதான் அதற்குப் புத்தகம்.

2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். 2025ல் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இருந்தாலும் தபால்காரர் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

என் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு கடிதமாவது கையால் எழுதுங்கள். மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்திருந்தால், முதல் கடிதம் சம்பந்தியம்மாவுக்குப் போகட்டும். அவர் பெண்ணைப் பற்றி நல்லதாக நாலு வரி இருக்கட்டும். அங்கே அதை எல்லோருக்கும் கேட்கும்படி யாராவது வாசிப்பார்கள்.

- ஒரு வாசகி, இலஞ்சி.